கார் ஏசிக்குக் கேஸ் ஏற்றும் முன் லீக் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசி முடிவதற்குள் கரூரிலும் ஈரோட்டிலும் வெயில் மண்டையைப் பிளக்க ஆரம்பித்துவிடும். கோயமுத்தூர்க்காரர்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொஞ்சம் கைகொடுக்கும், சித்திரையில் அதுவும் போதாது. அப்போதுதான் எல்லாருக்கும் கார் ஏசி ஞாபகம் வருகிறது, பட்டறையில் வண்டிகள் வரிசை கட்டுகின்றன. அந்த அவசரத்தில் மிச்சமிருக்கும் கேஸை வெளியே விட்டுவிட்டுப் புதுக் கேஸ் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். ஓட்டை இருந்த இடத்திலேயே இருக்கிறது. வண்டிக்காரர்களும், தொழில் பழகும் தம்பிகளும் இதுபற்றிக் கேட்கும் கேள்விகள் கீழே.

ஏனுங்க, வருசா வருசம் கேஸ் போட்டாத்தான் ஆகுமுங்களா?

வேண்டியதில்லை. பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருளல்ல அது. மூடிய குழாய்க்குள் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் சீல் வழியாகவும் நல்ல சிஸ்டத்திலேயே வருடத்துக்குச் சில கிராமிலிருந்து பத்து இருபது கிராம்வரை கசியும். அவ்வளவுதான். நானூறு கிராம் பிடிக்கிற வண்டியில் அது பல வருடத்துக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வொரு சித்திரைக்கும் கேஸ் போட வேண்டியிருந்தால் அது பராமரிப்புச் செலவு இல்லை, ஓட்டைக்குக் கட்டுகிற வாடகை.

கூலிங் கம்மியா இருக்குதுங்க. லீக்குத்தான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

லீக்காகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. திருப்பூர் வண்டிகளில் வண்டி முகப்பில் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரின் முகம் முழுக்கப் பஞ்சு அப்பியிருக்கும். பொள்ளாச்சிப் பக்கம் நார் மில்லுக்குப் போய் வருகிற வண்டி என்றால் தென்னை நார்த் தூசி. காற்று உள்ளே போகவில்லை என்றால் அழுத்தம் எகிறும், கூலிங் விழும், பழி கேஸ் மேல் விழும். முதலில் கண்டென்சரைத் தண்ணீர் விட்டு மெதுவாகக் கழுவுங்கள். ஃபேன் ஓடுகிறதா, உள்ளே கேபின் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பேர் இங்கேயே வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

அதற்கும் சரியாகாவிட்டால் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிப் பார்க்கலாம்; அழுத்தம் குறைந்த லோ பக்கத்துக்கு ஒன்று, கூடிய ஹை பக்கத்துக்கு ஒன்று. என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, ஏசி ஓடாத நிலையில் இரண்டு கேஜும் ஒரே எண்ணைக் காட்டும். கார் ஏசியில் ஓடும் ஆர்-134ஏ கேஸுக்கு அந்த எண் வெப்பநிலையைப் பொறுத்தது: 25 டிகிரி செல்சியஸில் சுமார் 82 பிஎஸ்ஐ (டயர் காற்றுக்குச் சொல்கிற அதே அழுத்த அளவு), 30 டிகிரியில் 97, 35 டிகிரியில் 114, 40 டிகிரியில் 133. இதைவிட நன்றாகக் குறைந்திருந்தால் உள்ளே திரவமாக ஒரு சொட்டுக்கூட இல்லை, கேஸ் பெருமளவு போய்விட்டது என்று அர்த்தம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. எண் சரியாக இருந்தால் கேஸும் முழுசாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உள்ளே கொஞ்சமே கொஞ்சம் திரவம் இருந்தாலும் அதே அழுத்தம்தான் காட்டும். நூற்றைம்பது கிராம் இருக்கிற வண்டியும் நானூறு கிராம் இருக்கிற வண்டியும் நிற்கும்போது ஒரே மாதிரிதான் தெரியும். எவ்வளவு இருக்கிறது என்பதை, கேஸை வெளியே விடாமல் உறிஞ்சி எடுக்கும் ரெக்கவரி மிஷினில் இழுத்து எடைபோட்டால் மட்டுமே சொல்ல முடியும்.

வேக்கம் போட்டு அரை மணி நேரம் முள்ளு அசையாம நின்னுச்சு, லீக் இல்லைன்னு சொல்றாங்க. நம்பலாமுங்களா?

வேக்கம் என்பது பம்பு வைத்து உள்ளே இருப்பதை உறிஞ்சி வெறுமையாக்குவது. பெரிய ஓட்டை இல்லை என்பதுவரை அதை நம்பலாம். அதற்குமேல் அந்த முள் எதையும் சொல்லவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வருடத்துக்கு நூறு கிராம் கேஸ் கசிகிற வண்டி. அடுத்த சித்திரைக்குள் நிச்சயம் பட்டறைக்கு வந்து நிற்கும். நூறு கிராம் ஆர்-134ஏ, வெளிக்காற்று அழுத்தத்தில் சுமார் 24 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். அதை ஒரு வருடத்துக்குப் பிரித்தால் அரை மணிக்கு ஒன்றரை மில்லி லிட்டருக்கும் குறைவு. சிஸ்டத்தின் உள்கொள்ளளவு இரண்டரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேக்கம் போட்ட நிலையில் அதே அளவு காற்று உள்ளே புகுந்தால்கூட, அரை மணியில் கேஜ் முள் நகர்வது, வேக்கத்தை அளக்கிற பாதரச இஞ்ச் கணக்கில், ஒரு இஞ்சில் அறுபதில் ஒரு பங்கு. முள்ளின் பருமனே அதைவிட அதிகம்.

அந்த அளவும் நிஜத்தில் புகாது. வேக்கத்தில் வெளியே இருப்பது காற்று மண்டலத்தின் அழுத்தம் மட்டும், சுமார் 14 பிஎஸ்ஐ. ஏசி ஓடும்போது கண்டென்சர் பக்கம் 200 பிஎஸ்ஐக்கு மேல் உள்ளிருந்து தள்ளுகிறது. இரண்டுக்கும் திசையும் வேறு. உள்ளிருந்து தள்ளும்போது வாய் திறக்கிற ஓ-ரிங் (இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையம்), வெளியிலிருந்து அமுக்கும்போது தன் இடத்தில் ஒட்டி உட்கார்ந்துகொள்வதும் உண்டு.

அப்படியானால் வேக்கம் எதற்கு? ஈரத்தை எடுக்க, காற்றை எடுக்க. அந்த வேலைக்கு அது கட்டாயம் வேண்டும். 30 டிகிரியில் தண்ணீர் கொதித்து ஆவியாக, உள்ளே அழுத்தம் சுமார் 1.25 இஞ்ச் பாதரச அளவுக்குக் கீழே இறங்க வேண்டும். அப்படி இறக்கிப் பம்பை அணைத்த பிறகு முள் கொஞ்சம் ஏறி ஒரு இடத்தில் நின்றுவிட்டால், மிச்சமிருந்த ஈரமோ ஆயிலில் கரைந்திருந்த கேஸோ வெளிவருகிறது; இன்னும் கொஞ்ச நேரம் பம்பை ஓட்ட வேண்டும். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் ஓட்டை.

எங்க கேஜுல வேக்கம் 30 வரவே மாட்டேங்குதுங்க. பம்பு போயிருச்சா?

இது தொழில் பழகுகிற தம்பிகள் கேட்பது. பம்பைக் குறை சொல்வதற்கு முன் நிற்கிற ஊரைப் பாருங்கள். கேஜில் இருக்கிற 30 என்பது கடல் மட்டத்துக்கான கணக்கு. ஆயிரம் அடி ஏற ஏற ஏறக்குறைய ஒரு இஞ்ச் குறையும். கோயமுத்தூர் கடல் மட்டத்திலிருந்து நானூறு மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. இங்கே எவ்வளவு நல்ல பம்பும் 28.5க்குப் பக்கத்தில்தான் நிற்கும். ஈரோட்டில் 29க்கு மேல் வரும். அதே பம்பை ஊட்டிக்குக் கொண்டுபோய் ஓட்டினால் 23ஐத் தாண்டாது. பம்பு கெட்டுப்போனது என்று அங்கே தூக்கிப்போட்டால் நஷ்டம்.

மேலே சொன்ன 1.25 இஞ்சை இதில் கழித்துக்கொள்ளுங்கள். கோவையில் கேஜ் 27ஐ நன்றாகத் தாண்டினால்தான் 30 டிகிரி நாளில் உள்ளே இருக்கும் தண்ணீர் கொதிக்கும். இந்தக் குழப்பமே வேண்டாம் என்றால் மைக்ரான் கேஜ் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. அது உள்ளே மிச்சமிருக்கும் அழுத்தத்தையே நேராகக் காட்டும், ஊர் மாறினாலும் கணக்கு மாறாது.

அப்புறம் லீக்கை எப்படித்தானுங்க பாக்கோணும்?

உள்ளே உலர்ந்த நைட்ரஜனை அடைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் இருக்கிற கேஸை ரெக்கவரி மிஷினில் இழுத்து, எத்தனை கிராம் வந்தது என்று எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு நைட்ரஜன் சிலிண்டரை அழுத்தத்தைக் குறைத்து விடும் ரெகுலேட்டர் வழியாக மேனிஃபோல்டில் (இரண்டு கேஜும் பொருத்திய கட்டையில்) இணைக்க வேண்டும். நிறைந்த சிலிண்டருக்குள் 2000 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும். ரெகுலேட்டர் இல்லாமல் திறந்தால், டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் வெடிக்கும், பக்கத்தில் இருப்பவருக்கும் ஆபத்து. இதில் சமாதானம் கிடையாது.

ஒரேயடியாக ஏற்றாதீர்கள். 50 பிஎஸ்ஐயில் நிறுத்திக் காது கொடுத்துக் கேளுங்கள். பெரிய ஓட்டை இங்கேயே சீறிக் காட்டிக்கொடுத்துவிடும். 100ல் சோப்புத் தண்ணீர் பூசிப் பாருங்கள். கடைசியாக 150 பிஎஸ்ஐ போதும். வெயிலில் நின்ற வண்டியில் கேஸ் அழுத்தமே 130ஐத் தாண்டுகிறது என்று மேலே பார்த்தோம், அதனால் 150 என்பது லோ பக்கத்துக்கும் புதிதான பாரமல்ல. சிலிண்டர் வால்வை மூடி, ஹோஸைக் கழற்றிவிட்டுக் கேஜை மட்டும் விட்டு வையுங்கள். நைட்ரஜன் உள்ளே இருக்கும்போது ஏசியைப் போட்டு, கேஸை அமுக்கிச் சுற்றவிடும் கம்ப்ரஸரை ஓட்டவே கூடாது.

கேஜ் ஹோஸின் வாஷரே லீக் ஆகி, வண்டியின் மேல் பழி போடப்படுவது அடிக்கடி நடக்கிறது. அந்த இணைப்புகளுக்கும் சேர்த்துச் சோப்புத் தண்ணீர் பூசுங்கள்.

எவ்வளவு நேரம் விடோணும்? காலையில விட்டா சாயங்காலம் கார் கிடைச்சிருமுங்களா?

அரை மணியில் முள் இறங்கினால் அன்றைக்கே ஓட்டையைப் பிடித்துவிடலாம். இறங்கவில்லை, ஆனால் போன வருடம் போட்ட கேஸ் இந்த வருடம் காணோம் என்றால், ராத்திரி முழுக்க விட்டுவைப்பதுதான் சரி. சாயங்காலமே வேண்டும் என்று நெருக்கினால் பட்டறைக்காரர் உங்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லி அனுப்பிவிடுவார்.

ராத்திரி விடுகிறபோது வெப்பநிலையையும் எழுதி வைக்க வேண்டும். மதியம் 35 டிகிரியில் 150 பிஎஸ்ஐ அடைத்தது, விடியற்காலை 25 டிகிரியில் 145 காட்டினால் ஒன்றும் கசியவில்லை. நைட்ரஜன் குளிர்ந்து சுருங்கியதால் வந்த வித்தியாசம் அது. பத்து டிகிரிக்கு ஐந்து பிஎஸ்ஐ என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் இறங்கினால்தான் ஓட்டையைத் தேட வேண்டும்.

டயருக்குக் காத்தடிக்கிற கம்ப்ரஸர் காத்தே போதாதுங்களா? பக்கத்து வெல்டிங் கடையில ஆக்ஸிஜன் இருக்குது...

ஆக்ஸிஜன் கூடவே கூடாது. ஏசி ஆயிலும் அழுத்தத்தில் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் வெடிக்கும்.

கம்ப்ரஸர் காற்றும் வேண்டாம். அதில் ஈரம் இருக்கிறது. ஏசியில் ஓடும் பிஏஜி ஆயில் ஈரத்தைக் கண்டால் உறிஞ்சிக்கொள்ளும். தவிர, சாதாரணமாகத் தீப்பிடிக்காத ஆர்-134ஏ, காற்றோடு கலந்து அழுத்தம் ஏறினால் எரியக்கூடிய கலவையாக மாறலாம்.

ஓட்டை பெரும்பாலும் எங்கெங்கங்க வரும்?

கண்களாலேயே முதலில் தேடுங்கள். கேஸ் வெளியேறும்போது கூடவே கொஞ்சம் ஆயிலையும் இழுத்து வரும். அந்த ஈரத்தில் தூசி ஒட்டி, கருப்பாகப் பிசுபிசுவென்று ஒரு படலம் இருக்கும். ஹோஸை உலோக முனையோடு நெரித்து இறுக்கிய (கிரிம்ப்) இடம், குழாய் இணைப்பு, கண்டென்சரின் ஓரம் எங்கேயாவது அப்படித் தெரிந்தால் அங்கே முதலில் சோப்பு வையுங்கள்.

கண்டென்சர் வண்டியின் மூக்கில் இருப்பதால் அடி அதற்குத்தான். கரூர், பல்லடம், காங்கயம் பக்கம் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர் பின்னால் ஓட்டிப் பழகியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சின்னக் கல் போதும். கல் பட்ட ஓட்டையை ஒட்டவைப்பதைவிட கண்டென்சரை மாற்றுவதே மேல் என்பது என் கருத்து. மெல்லிய அலுமினியக் குழாயில் போட்ட ஒட்டு அடுத்த கோடைவரை தாங்குமா என்பது யார் கையிலும் இல்லை.

ரொம்ப மலிவான ஓட்டை, கேஸ் ஏற்றும் வாயான சர்வீஸ் போர்ட்டுக்குள் இருக்கும் ஊசி (பின்). டயர் வால்வுக்குள் இருப்பது போன்ற சின்ன வால்வு அது. மூடியைக் கழற்றி ஒரு துளி சோப்பு வைத்தால் தெரிந்துவிடும். மூடி தொலைந்துபோன வண்டிகளை நிறையப் பார்க்கலாம். அந்த மூடி அலங்காரத்துக்கு இல்லை, அதுவும் ஒரு சீல்.

கம்ப்ரஸரின் சுற்றும் தண்டு வழியாகக் கேஸ் கசியாமல் பிடிக்கிற ஷாஃப்ட் சீல் தந்திரக்காரன். நிற்கும்போது பிடித்துக்கொண்டிருந்து, சுற்றும்போது விடும். நைட்ரஜன் அடைத்த நிலையில் முன் தட்டைக் கையால் சில சுற்றுச் சுற்றிவிட்டுப் பாருங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், கார் போர்ட்டிகோவில் மாதக்கணக்காக உறை போட்டு நிற்கிறது என்றால் இந்தச் சீல் காய்ந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம். மார்கழிக் குளிரானாலும் வாரம் ஒருமுறை ஐந்து பத்து நிமிடம் ஏசியைப் போட்டு ஓட்டுவது ஆயிலைச் சுற்றவிட்டு சீலை ஈரமாக வைக்கும்.

கூலிங் காயில் போச்சு, டேஷ்போர்டைப் பிரிக்கோணும்கறாங்க. உறுதியாத் தெரியாம பிரிக்கச் சொல்லலாமுங்களா?

சொல்லக் கூடாது. டேஷ்போர்டு பிரித்த வண்டியில் அதன்பிறகு ஏதாவது ஒன்று கடகடவென்று ஆடிக்கொண்டே இருக்கும். ஆதாரம் கேளுங்கள்.

கேஸ் உள்ளே இருக்கிற நிலையில் ப்ளோயரைக் கொஞ்ச நேரம் ஓட்டி அணைத்துவிட்டு, ஒரு கால் மணி நேரம் கழித்து, காருக்கு அடியில் தண்ணீர் சொட்டும் ட்ரெயின் குழாயில், கேஸை மோப்பம் பிடித்துச் சத்தம் போடும் லீக் டிடெக்டரின் மூக்கை வைக்க வேண்டும். ஆர்-134ஏ காற்றைவிட மூன்றரை மடங்கு கனமானது, பெட்டிக்குள் கீழே இறங்கித் தேங்கி அந்த வழியாகத்தான் வரும். டிடெக்டர் தண்ணீரை உறிஞ்சிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். யூவி சாயம் போட்ட வண்டியாக இருந்தால், யூவி விளக்கை அடித்தால் அந்தத் தண்ணீரே மஞ்சள் பச்சையாக ஒளிரும். இன்னொரு வழி, வண்டியிலிருந்து காயிலுக்குப் போகும் இரண்டு குழாயையும் கழற்றி, காயிலை மட்டும் தனியாக நைட்ரஜனில் அடைத்துப் பார்ப்பது. இந்த மூன்றில் ஒன்றையாவது காட்டிய பிறகு பிரிக்கட்டும்.

சோப்பு, டிடெக்டர் மிஷின், யூவி சாயம்: எது நல்லதுங்க?

ஒன்று செய்வதை இன்னொன்று செய்யாது. சோப்பு, நைட்ரஜன் அடைத்த நிலையில், கை எட்டுகிற இணைப்புகளுக்கு. மெதுவான ஓட்டையில் நுரை வர ஒரு நிமிடம்கூட ஆகலாம், பூசின உடனே அடுத்த இடத்துக்கு ஓடாதீர்கள்.

டிடெக்டருக்கு உள்ளே ஏசி கேஸ் இருக்க வேண்டும், குறைந்தது 50 பிஎஸ்ஐ. நைட்ரஜனை மட்டும் அடைத்துவிட்டு அதை நீட்டினால் சத்தமே போடாது. இணைப்பின் அடிப்பக்கமாக, நொடிக்கு ஓர் இஞ்ச் இரண்டு இஞ்ச் வேகத்தில், ஒட்டினாற்போல் நகர்த்த வேண்டும். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் பொய் சொல்லும். ஆடிக் காற்றில் பல்லடத்தில், பொள்ளாச்சியில் திறந்த வெளியில் நின்று இதைச் செய்வது வீண் வேலை. ஷெட்டுக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்துங்கள்.

யூவி சாயம் ஆயிலோடு கலந்து ஓடுவது. அதைப் போட்டுச் சில நாள் வண்டியை ஓட்டிவிட்டு வந்தால்தான் ஓட்டையில் வெளிப்படும். வேறு எதிலும் பிடிபடாத மெல்லிய கசிவுக்கு அதுதான் கடைசி ஆயுதம். சாயம் ஏற்றும்போது போர்ட்டில் சிந்தியதைத் துடைக்காமல் விட்டால், அடுத்த பட்டறையில் அங்கேதான் லீக் என்பார்கள்.

லீக்கை உள்ளிருந்தே அடைக்கிற டப்பா ஒண்ணு விக்குதே?

வேண்டாம். ஈரம் பட்டால் இறுகுகிற ரகம் உள்ளே எங்கே ஈரம் இருக்கிறதோ அங்கே இறுகும், காயிலுக்குக் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு உட்பட. பட்டறைக்காரரின் ரெக்கவரி மிஷினையும் கெடுத்துவிடும்.

கம்ப்ரஸர் ஆன் ஆக மாட்டேங்குது. பிரஷர் சுவிட்சைக் கம்பி போட்டு நேராக் குடுத்தரலாமுங்களா?

கேஸ் குறைந்தால் கம்ப்ரஸரை நிறுத்துவதுதான் அந்தச் சுவிட்சின் வேலை. ஆயிலைத் தூக்கிக்கொண்டு சுற்றுவது கேஸ்தான். கேஸ் இல்லாமல் ஓடவைத்தால் ஆயில் இல்லாமல் ஓடுகிறது, கம்ப்ரஸர் தேய்ந்த அலுமினியத் தூள் சிஸ்டம் முழுக்கப் பரவும். ஒரு ஓ-ரிங்கில் முடிய வேண்டிய செலவு கம்ப்ரஸர், கண்டென்சர், வால்வு என்று வளரும்.

என் வண்டி புதுசுங்க. அதே கேஸ்தானா?

பானெட்டைத் தூக்கினால் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். என்ன கேஸ், எத்தனை கிராம், என்ன ஆயில் என்று அதில் எழுதியிருக்கும். ஆர்-1234ஒய்எஃப் என்று இருந்தால் அது லேசாகத் தீப்பிடிக்கும் தன்மை உள்ளது. அதன் போர்ட் அளவே வேறு. அடாப்டர் போட்டு ஆர்-134ஏ ஏற்றச் சொல்லாதீர்கள். மின்சாரக் காரில் கம்ப்ரஸருக்குள்ளேயே உயர் மின்னழுத்த மோட்டார் இருக்கிறது. அதற்கு மின்சாரம் கடத்தாத தனி ஆயில் உண்டு, பிஏஜி ஆயிலும் கிடைத்த சாயமும் அதில் கலக்கக் கூடாது. ஆரஞ்சு நிற வயரைத் தொடத் தெரிந்த இடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

மிச்சமிருக்கிற கேஸைக் காத்துல விட்டா என்னங்க?

ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்ஸைடைப் போல 1,430 மடங்கு. நானூறு கிராமைத் திறந்துவிட்டால் 570 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு விட்ட மாதிரி. 2016ல் கிகாலியில் செய்த உடன்பாடு இந்த வகைக் கேஸ்களைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது, இந்தியா 2021ல் அதை ஏற்றது. கை மேல் பட்டாலும் ஆபத்து: மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கிற திரவம், தோலை உறைய வைத்துவிடும், கண்ணில் பட்டால் கண் போகும். நெருப்புப் பக்கத்தில் விட்டால் விஷப் புகையாக மாறும்.

ஓட்டையை அடைச்சாச்சு. இனி கேஸ் போட்டரலாமுங்களா?

நைட்ரஜனில் மறுபடி ஒருமுறை 150க்கு ஏற்றிப் பார்த்த பிறகு. கழற்றின ஒவ்வொரு இணைப்புக்கும் புது ஓ-ரிங், அந்தச் சிஸ்டத்துக்கு உரிய ஆயில் தடவி. சிஸ்டம் நாள்கணக்கில் திறந்து கிடந்திருந்தால் ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரையும் மாற்றிவிட வேண்டும். கழற்றிய பாகத்தோடு வெளியே போன ஆயில் எத்தனை மில்லியோ அத்தனையைத் திரும்ப ஊற்ற வேண்டும். பிறகு வேக்கம். பிறகு ஸ்டிக்கரில் இருக்கும் கிராம் கணக்கில், தராசில் வைத்துக் கேஸ். கேஜைப் பார்த்து, குழாயைத் தொட்டுப் பார்த்து ஏற்றுவது கண் திட்டம். கூடினாலும் கூலிங் குறையும்.

பில்லுல என்னென்ன எழுதி வாங்கோணும்?

எத்தனை கிராம் வெளியே எடுத்தார்கள், எத்தனை கிராம் ஏற்றினார்கள், எத்தனை மில்லி ஆயில், நைட்ரஜன் எத்தனை பிஎஸ்ஐயில் எத்தனை மணி நேரம் நின்றது, எந்தப் பாகம் மாற்றினார்கள், தேதி. "ஏசி சர்வீஸ்" என்று ஒற்றை வரியில் கொடுத்தால் திருப்பிக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். இன்று 400 கிராம் ஏற்றியது, பத்து மாதம் கழித்து இழுத்தால் 390 வந்தால் அந்த வண்டியில் தேட ஒன்றுமில்லை. 310 வந்தால் இன்னும் ஒரு ஓட்டை இருக்கிறது, அதன் அளவும் கையோடு தெரிந்துவிடும்.